அந்த ஒரு தோல்வியை மறைக்க வேண்டாம்

“1985 சிகாகோ பேர்ஸ் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை, எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் சூப்பர் பௌலை வென்றது” என்று அந்த அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றி நண்பர் எழுதியிருக்கிறார் (சூப்பர் பௌல் என்பது அந்த விளையாட்டுப் பருவத்தின் இறுதிப் போட்டி). இரண்டுமே சரியல்ல. அந்த அணியை உயிராக நேசிப்பவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

1985 டிசம்பர் 2 அன்று மயாமியில் டால்ஃபின்ஸ் அணியிடம் 38-24 என்று தோற்றார்கள். முதல் பாதி முடிவிலேயே 31-10. மயாமியின் டான் மரினோ வீசிய ஒரு பந்து பேர்ஸ் வீரர் டான் ஹாம்ப்டனின் ஹெல்மெட்டில் பட்டு எகிறி, நேராக மரினோவின் சக வீரர் மார்க் கிளேட்டன் கைக்குப் போய் டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்ப்பது) ஆனது! முழுப் பருவமும் தோல்வியே காணாமல் கோப்பை வென்றது 1972 மயாமி டால்ஃபின்ஸ். அந்தப் பெருமையைக் காத்ததும் அதே மயாமிதான்.

பேர்ஸ் ஒரு புள்ளியும் கொடுக்காதது சூப்பர் பௌலுக்கு முந்தைய இரண்டு பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டங்களில்: ஜயன்ட்ஸுடன் 21-0, ராம்ஸுடன் 24-0. சூப்பர் பௌலில் முதல் மூன்று புள்ளிகளை எடுத்ததே நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். பேர்ஸின் நட்சத்திர ஓட்ட வீரர் வால்டர் பேட்டன் பந்தை நழுவவிட்டதால் கிடைத்த ஃபீல்டு கோல் (பந்தை உதைத்து எடுக்கும் புள்ளி) அது. இறுதியில் 46-10. பேட்ரியட்ஸ் பந்தோடு ஓடி முன்னேறியது மொத்தமே 7 கெஜம்.

அன்று பேட்டனுக்கு ஒரு டச்டவுன்கூடக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். கோல் கோட்டுக்கு ஒரு கெஜத் தூரத்திலிருந்து பந்து அவருடைய சக வீரர் வில்லியம் பெர்ரியிடம் போனது. அதைப் பேட்டனிடம் கொடுத்திருக்க வேண்டும்.