அம்மாக்களுக்கு நடை மட்டும் போதாது

ஐம்பதைத் தாண்டிய அம்மாக்களுக்கு டாக்டர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "தினமும் நடங்க." சரி, நடக்கட்டும். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது. ஆனால் தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை, பஸ் படியேறக் கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது என்கிறார்களே, அதற்கு நடை மட்டும் போதாது. பெரும்பாலும் அது தசை வலு குறைந்ததன் அடையாளம். நடுவயதுக்கு மேல் தசை எல்லாருக்குமே கரைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது. அப்புறம் குளியலறையில் ஒருமுறை வழுக்கினாலே இடுப்பெலும்பு முறியலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை, வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. கூடவே, வாரம் 2 நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. இந்த இரண்டாவதை நம் வீட்டுப் பெண்களிடம் யாருமே சொல்வதில்லை. இதற்கு ஜிம் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது போதும். மூட்டுவலி இருந்தால் உயரமான நாற்காலியில் தொடங்கலாம். முதல் சில நாள் யாராவது பக்கத்தில் நில்லுங்கள்.

அடுத்தது, தசைக்குத் தேவையான புரதம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள அம்மாவுக்குச் சுமார் 46 கிராம். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிஞ்சிய இரண்டு இட்லி, மதியம் ரசம் சோறு, பருப்பெல்லாம் போய்த் தண்ணீராக நிற்கும் சாம்பார். இதில் 46 கிராம் எங்கிருந்து வரும்? பையனுக்குப் பள்ளிக்கூடச் சத்துணவிலேயே முட்டை உண்டு. வீட்டிலும் அவனுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அம்மா மட்டும் "எனக்கு வேணாம்" என்பார். பிடிக்காமல் சொல்வதில்லை அது. கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட யாரும் அவரைப் பழக்கவில்லை.

விலை கூடிய பவுடர் டப்பா வேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 30 கிராம் நிலக்கடலையில் 7, ஒரு டம்ளர் பாலில் 6. நவராத்திரிக்கு மட்டும் செய்கிற கொண்டைக்கடலைச் சுண்டலைச் சாயங்காலங்களில் அடிக்கடி செய்யலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுத்தான் புரதத்தைக் கூட்ட வேண்டும். மற்றபடி முட்டை வாங்கும்போது அம்மாவையும் கணக்கில் சேர்த்து வாங்குங்கள். பரிமாறி முடிக்கட்டும் என்று காத்திருக்காமல், உங்களோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள்.