மேல் வரிசை சிவப்பு, அடி வரிசை பூஞ்சணம்

ஸ்ட்ராபெரி ஏன் இப்படிக் கெட்டுக் கிடக்கிறது என்று கேட்டால், இனிமேல் எந்தக் கடைக்காரராவது என்னிடம் "சீசன் இல்லக்கா" என்று சொன்னால் சும்மா விடமாட்டேன். மலேசியாவின் கேமரன் மலையில் வருஷம் முழுக்கக் காய்க்கிற ஸ்ட்ராபெரிக்கு என்ன சீசன்? அந்த மலைக்கு ஏறுகிற பழைய சாலையே எங்கள் தாப்பாவிலிருந்துதான் போகிறது. மலைமேல் இருக்கிற தானா ராத்தா ஊருக்குச் சுமார் 60 கிலோமீட்டர். மலையடிவாரத்தில் குடியிருந்துகொண்டு குப்பைக்குப் போகவேண்டிய பழத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

நேற்று வாங்கிய டப்பாவைச் சொல்கிறேன். மேல் வரிசை பளபளவென்று சிவப்பு. எல்லாப் பழமும் முனை மேலே, காம்பு கீழே. அப்படி ஏன் அடுக்குகிறார்கள் என்பது ஒன்றை எடுத்துத் திருப்பினால் தெரிந்துவிடும்: காம்புப் பக்கம் பாதிக்குப் பாதி வெள்ளை. அடி வரிசையில் இரண்டு பழம் கொழகொழத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மேலே பஞ்சு பஞ்சாய்ச் சாம்பல் பூஞ்சணம். அடியில் போட்டிருந்த தாள் சாற்றில் ஊறி நாறிக் கிடந்தது. இந்த லட்சணத்தில் மூடியைச் சுற்றி டேப் வேறு, திறந்து பார்க்கக் கூடாதாம். மகளின் பிறந்தநாள் கேக்கில் வைக்கத் தேறியது நாலே நாலு. மிச்சத்தை அசாம்போய்த் தூள், அதான் உப்பிட்டுக் காயவைத்த புளிப்புப் பிளம் தூள், தொட்டுத் தின்றோம். தூள்தான் ருசியாக இருந்தது.

கடையில் கேட்டால் அறிவுரை: "ரெண்டு நாள் வெளிய வைங்கக்கா, பழுத்துரும்." ஸ்ட்ராபெரி என்ன மாங்காயா, அரிசிப் பானையில் போட்டுப் பழுக்க வைக்க? செடியிலிருந்து பறித்த பிறகு கொஞ்சம் நிறம் ஏறலாம், இனிப்பு ஒரு துளிகூட ஏறாது. வெளியே வைத்தால் அழுகும், அவ்வளவுதான்.

பாதிக் காயாக ஏன் பறிக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். நன்றாகப் பழுத்தது அந்த வளைவுகளில் லோரி குலுக்குகிற குலுக்கலில் நசுங்கிவிடும். சரி. ஆனால் பறித்த கையோடு குளிரில் வைத்து, உறைநிலைக்குப் பக்கத்தில், கடை வரைக்கும் அப்படியே கொண்டுவந்தால் ஒரு வாரமாவது தாங்குமே. இங்கே நடப்பது என்ன? மலைக் குளிரில் பறித்ததை 32 டிகிரி வெயிலில் மேசை போட்டுப் பரப்புகிறார்கள். சாயங்காலம் குளிர்பெட்டிக்குள் போகும், காலையில் திரும்பவும் மேசைக்கு வரும். டப்பாவுக்குள் முத்து முத்தாய் வேர்க்கும். பூஞ்சணத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

மழைக்காலத்தில் பழம் தண்ணியாகி அழுகத்தான் செய்யும். அதற்காகப் பயிர் போடுகிறவரை நான் திட்டவில்லை. ஆனால் நல்ல பழத்துக்கும் ஊத்தைப் பழத்துக்கும் ஒரே விலையா?

இன்னொரு வேடிக்கை. வருஷக் கடைசியில் பெருவிலிருந்து கடல் தாண்டி வருகிற புளூபெரி, மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சுகூட அழியாமல், கெட்டியாக இதே கடையில் இருக்கிறது. புளூபெரிக்குத் தோல் கெட்டி, அது வேறு ரகம் என்பீர்கள். அப்படியானால் கொரியா ஸ்ட்ராபெரி? டிசம்பரிலிருந்து சில மாதம் வருகிறதே, காம்பு வரைக்கும் சிவப்பாக! விமானம் ஏறி வந்தது முழுசாக வருகிறது, பக்கத்து மலையிலிருந்து இறங்கியது பிணமாக வருகிறது. கொரியாப் பழத்தின் விலையைக் கேட்டால் எடுத்த கை தானாகப் பின்னால் போய்விடும், அது வேறு கதை.

எனக்கு என்னமோ, நல்லதெல்லாம் மலைமேல் சுற்றுலா வருகிறவர்களுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விடுகிறது, கழித்துக் கட்டியதுதான் இங்கே இறங்குகிறது என்றே படுகிறது. செம்பனைத் தோட்டத்து ஊர்தானே, இவர்களுக்கு இது போதும் என்கிற நினைப்பு. எங்கள் காசு மட்டும் பூஞ்சணம் பிடித்தா இருக்கிறது?

டப்பாவின் மேல் பறித்த தேதியைப் போடுங்கள். டேப்பை எடுங்கள். அடி வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் இனி காசு தருவேன். கடைக்கார அண்ணன் முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும்.