நல்ல ஆபரேட்டர் சூப்பர்வைசர் ஆகும்போது சொல்லித் தருவது யார்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகளில் எச்.ஆர். வேலை பார்ப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். சம்பளப் பட்டியல், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. வேலையைக் கூட எப்படியோ முடித்துவிடுகிறார்கள். ஷிஃப்ட் மாறியதை முன்கூட்டியே சொல்லவில்லை, லீவு கேட்டதற்கு எல்லார் முன்னாலும் கத்தினார், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) பார்க்க வைத்துவிட்டுப் பதிவில் ஏற்றவில்லை என்று சூப்பர்வைசர் மேல் புகாரோடு தொழிலாளர்கள் வருகிறார்களே, அதில்தான் நாள் போகிறது. ஓ.டி.க்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி என்பதே பல புது சூப்பர்வைசர்களுக்கு யாரும் சொன்னதில்லை. நானும் இதே துறையில் இருக்கிறேன், ஆதங்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்த சூப்பர்வைசரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நேற்று வரை மெஷினில் நின்றவர். ரிஜெக்‌ஷன் குறைவு, லீவு போடமாட்டார், அதனால் பதவி உயர்வு. மறுநாள் காலை ஒரு லைனே அவர் பொறுப்பு. புது மெஷின் வாங்கினால் விற்றவரையே வரவழைத்து ஓட்டக் கற்றுக்கொள்கிறோம். ஆட்களோடு எப்படிப் பேசுவது என்பது மட்டும் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். அவரும் தன்னை முன்பு விரட்டியவர் எப்படி விரட்டினாரோ அப்படியே விரட்டுகிறார், வேறு எதைப் பார்த்தார்?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவுக்கு இதே சிக்கல் வந்தது. தொழிற்சாலைகள் பெருகின, அனுபவமில்லாதவர்கள் ஃபோர்மேன், அதாவது சூப்பர்வைசர் ஆனார்கள். 1940-ல் தொடங்கிய டி.டபிள்யூ.ஐ. (டிரெயினிங் வித்தின் இண்டஸ்ட்ரி, தொழிற்சாலைக்குள்ளேயே பயிற்சி) என்ற அரசுத் திட்டத்தில், ஆட்களோடு பழகும் முறைக்கென்றே தனிப் பாடம் வைத்தார்கள். இரண்டு இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு, மொத்தம் 10 மணி நேரம். வேலை எப்படிப் போகிறது என்று அவரவரிடம் சொல், நன்றாகச் செய்தால் பாராட்டு, பாதிக்கும் மாற்றத்தை முன்கூட்டியே தெரிவி, ஒவ்வொருவர் திறமையையும் பயன்படுத்து. சிக்கல் வந்தால் முதலில் விவரம் முழுவதையும் கேள், பிறகு முடிவெடு. போருக்குப் பின் ஜப்பான் இதை எடுத்துக்கொண்டது, டொயோட்டாவும் பின்பற்றியது. மேலே சொன்ன ஷிஃப்ட் புகாரும் லீவு புகாரும் இந்த 10 மணி நேரப் பாடத்திலேயே அடங்கிவிடும்.

ஆனால் எச்.ஆர். வரை எதுவும் வரக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தால் அது பெரிய ஆபத்து. ஒரு பெண் பாலியல் தொந்தரவைச் சொல்கிறார், சூப்பர்வைசர் நல்லெண்ணத்தோடே "விடும்மா, நான் பேசிக்கிறேன்" என்கிறார். பணியிடப் பாலியல் தொந்தரவுக்கு எதிரான 2013 சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். புகார் கொடுக்க 3 மாதம் காலம். அவர் "பேசிக்கொண்டிருந்த" நாட்களும் அந்தக் கணக்கில்தான் போகும். சமரசம்கூட அந்தப் பெண்ணே கேட்டால் மட்டும், அதுவும் குழு வழியாக, பணம் பேசாமல். சாதி சொல்லித் திட்டியது, அடித்தது, கூலியைப் பிடித்தது எல்லாமே அன்றைக்கே மேலே வரவேண்டியவை. எதை லைனிலேயே பேசி முடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்ற பிரிவினைதான் பயிற்சியின் பாதி என்பேன்.

பயிற்சியைப் பதவி ஏற்கும் முன்பே, வேலை நேரத்திலேயே கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு ஸ்லைடு ஓட்டி கையெழுத்து வாங்குவதில் பயனில்லை. பெயரை மாற்றிவிட்டு, நம் கம்பெனியில் நடந்ததையே எடுத்து வைத்துப் பேசச் சொல்லுங்கள். இதையும் எச்.ஆர். தலையிலேயே கட்டிவிடாமல், அனுபவமுள்ள ஷிஃப்ட் இன்சார்ஜ் ஒருவரும் சேர்ந்து நடத்தட்டும். பிளான்ட் ஹெட்களிடம் ஒரு கோரிக்கை: டிஸ்பாட்ச் அவசரம் என்று முதல் வகுப்பையே ரத்து செய்யாதீர்கள்.