வான்கோவின் மஞ்சள் மருந்தால் வந்ததல்ல

டாக்டர் காஷே கொடுத்த இதய மருந்தால் ஓவியர் வான்கோவின் பார்வை மஞ்சளடித்தது, அவருடைய சூரியகாந்தி ஓவியங்கள் அப்படி வந்தது அதனால்தான் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. ஆர்ல் நகரில் அந்தப் பூக்களை வரைந்தது 1888 ஆகஸ்டில். காஷேயைச் சந்தித்ததே 1890 மே மாதம்தான்.

நிறத்தை அவர் எவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்தார் என்பது தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களிலேயே இருக்கிறது. மனிதனின் பயங்கர உணர்ச்சிகளைச் சிவப்பாலும் பச்சையாலும் சொல்ல முயன்றேன் என்கிறார், 1888 செப்டம்பரில், ‘இரவு காபி விடுதி’ பற்றி. அந்தப் படத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள்: ரத்தச் சிவப்புச் சுவர், நடுவில் பச்சை பில்லியர்ட்ஸ் மேசை, விளக்குகளைச் சுற்றி வளையமாகத் துண்டு துண்டான தூரிகைத் தீற்றல்கள். வெளிச்சமே பதறுகிறது.

அப்புறம் அக்டோபரில் ‘படுக்கையறை’ ஓவியம். ஓய்வைச் சொல்ல வேண்டும் என்று, அதே கை வண்ணத்தைத் தட்டையாகப் பூசியது.