ஓரிரு இடங்கள்னா எந்த இடம்?

"தென் தமிழக மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்."

இந்த ஒரு வரியைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுது. போன மே மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, முந்நூறு பேருக்குச் சாப்பாடு சொல்லிட்டு, டிவி முன்னாடி உக்காந்து இதே வரியை மூணு சேனல்ல மாத்தி மாத்திக் கேட்டவன் நான். கேட்டு முடிச்சப்புறமும் ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல மழை வருமா வராதான்னு ஒரு துளிகூட விளங்கல.

என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் பக்கம், கண்மாய்க்கரையில எங்க அய்யனார் கோயில். வெட்டவெளி. மண்டபம் கிடையாது, ஒதுங்க ஒரு திண்ணைகூடக் கிடையாது. சென்னை, திருப்பூர், பெங்களூருன்னு சிதறிக் கிடக்கிற சொந்தபந்தம் பிள்ளைகளுக்கு லீவு விட்டாத்தான் ஊருக்கு வரும். அதனால எங்க பக்கம் காதுகுத்து, கெடாவெட்டு எல்லாம் மே மாசத்து ஞாயித்துக்கிழமைகள்லதான் வந்து விழுது. கோடை மழைக்கும் அதே மாசம்தான். நான் தாய்மாமன். என் மடியில உக்கார வச்சுத்தான் புள்ளைக்குக் காது குத்தணும். சீரு, தோடு, பட்டுப்பாவாடை, பந்தல், சமையல்னு பாதிக்கு மேல என் தலையில.

பந்தல்காரர் வியாழக்கிழமையே போன் பண்ணிட்டார். "தம்பி, துணியா தகரமா? தகரம்னா சனிக்கிழமை காலையில லோடு ஏத்திரணும். அதுக்கு மேல வேற வீட்டுக்குப் போயிரும்." துணிச் சாமியானாவுக்கும் தகரப் பந்தலுக்கும் 22,000 ரூபாய் வித்தியாசம். மாசச் சம்பளக்காரனுக்கு அது சாதாரணக் காசு இல்ல. மழை வரும்னு தெரிஞ்சா கடனை வாங்கியாவது தகரம் போட்டிருப்பேன். வராதுன்னா அந்தக் காசுல புள்ளைக்கு இன்னொரு அரை கிராம் சேர்த்துத் தோடு எடுத்திருப்பேன். எனக்கு வேண்டியது அந்த ஒரு பதில். அதைச் சொல்லத்தான் ஆள் இல்ல.

போன்ல இருந்த ஆப்பைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி, ஞாயித்துக்கிழமைக்கு 65 சதவீதம் மழைன்னு காட்டுச்சு. தகரம்தான்னு மனசுல முடிவு பண்ணிட்டுப் படுத்தேன். சனிக்கிழமை காலையில எந்திரிச்சுப் பார்த்தா 20. மேகத்துக்குப் பின்னாடி சூரியன் எட்டிப் பாக்குற படம். தங்கச்சி மாப்பிள்ளையும் அவர் போன்ல பார்த்துட்டு, "மச்சான், ஒண்ணும் இல்ல மச்சான், துணியே போதும்"னார். துணின்னு சொல்லிட்டோம். அன்னைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு அதே ஆப்ல 55. தகரம் அதுக்குள்ள வேற வீட்டுக்குப் போயிருச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில வானம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. பத்தரைக்குக் காது குத்தியாச்சு. புள்ள என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு அழுதது, எங்க அப்பத்தா வாயில சர்க்கரையைப் போட்டது, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கருப்பருக்கு வெட்டின கெடா குழம்பா கொதிச்சுது. ரெண்டு பந்தி முடிஞ்சு மூணாவது பந்திக்கு இலை போட்டாச்சு. மணி ரெண்டே முக்கால் இருக்கும். மேற்கே கண்மாய்க்கு அந்தப் பக்கம் கருநீலமா ஏறுச்சு. முதல்ல புழுதிக் காத்து. சாமியானா ஒரு மூச்சு இழுத்த மாதிரி மேல எழும்பி, நடுக்கம்பைப் பிடுங்கிக்கிட்டுப் பந்தி மேலயே சாஞ்சுது. இலையில சோறு விழுந்த கையோட ஜனம் எந்திரிச்சு ஓடுது. அடுத்த நிமிஷம் மழை. மழைன்னா அப்படி ஒரு மழை. கோட்டை அடுப்புக் குழி நிறைஞ்சு, கரியும் சாம்பலும் மிதந்து வழிஞ்சுது. கறிக்குழம்பு அண்டாவை மூடத் தட்டைத் தேடிக்கிட்டு இருக்கும்போதே பாதி தண்ணி சேர்ந்துருச்சு. நூறு பேருக்கு மேல இன்னும் சாப்பிடல. நாலு பஸ் மாறி வந்த பெரியவர் ஒருத்தர் ஈர வேட்டியோட, "பரவாயில்லப்பா, நீ என்ன பண்ணுவ"ன்னு சொல்லிட்டு வெறும் வயித்தோட போனார். அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்குது.

அதைவிட எனக்கு ஈரக்குலை நடுங்கினது மின்னலுக்கு. அந்த வெளியில ஒதுங்க இருந்தது ஒரே ஒரு புளியமரம். பொம்பளைங்க, பிள்ளைக, அத்தனை பேரும் அதுக்கடியில. மரத்தடியில நிக்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். வேற எங்க போவாங்க? அப்பத்தாவைச் சேரோட தூக்கி வேனுக்குள்ள வச்சோம். அப்பத்தான் பையில போன் அதிருது. எடுத்துப் பார்த்தா, "அடுத்த 3 மணி நேரத்தில் சிவகங்கை உள்ளிட்ட மாவட்டங்களில் இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு." மணி மூணு அஞ்சு. மழை ஆரம்பிச்சு இருபது நிமிஷம் ஆகியிருந்துச்சு.

மூணே முக்காலுக்கு வெயில் அடிச்சுது. ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அத்தை ஊர்ல ஒரு பொட்டு விழல.

அன்னைக்கு ராத்திரியே உக்காந்து, இந்த "ஓரிரு இடங்கள்" அப்படின்னா என்னதான்யான்னு தேட ஆரம்பிச்சேன். கண்டுபிடிச்சதைச் சொல்றேன், கேளுங்க. இந்திய வானிலைத் துறையில அதுக்குத் தெளிவா ஒரு கணக்கு இருக்கு. ஒரு பகுதியில இருக்கிற மழை அளக்கும் நிலையங்கள்ல கால்வாசி வரைக்கும் மழை பதிவானா அது ஓரிரு இடங்கள். 26-லேருந்து 50 சதவீதம்னா சில இடங்கள். 51-லேருந்து 75 பல இடங்கள். அதுக்கு மேல பெரும்பாலான இடங்கள். இத்தனை வருஷமா நான் அதைச் சும்மா பேச்சுக்குச் சொல்ற வார்த்தைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்குப் பின்னாடி ஒரு எண் இருக்கு! அந்த எண்ணை ஒரு டிவியாவது, ஒரு பேப்பராவது, ஒரு நாளாவது பக்கத்துல போட்டிருக்கா? நாலுல ஒரு இடம்னு சொன்னா எங்க ஊர்ப் பந்தல்காரருக்குக்கூடப் புரியுமே. அதைச் சொல்ல என்ன கேடு?

"மிதமான மழை"யும் அப்படித்தான். காதுல விழும்போது தூறல் மாதிரி இருக்கு. கணக்குல அது 15.6 மில்லிமீட்டர்லேருந்து 64.4 மில்லிமீட்டர் வரைக்கும். 24 மணி நேரத்துக்கு. 64.5-ஐத் தொட்டாத்தான் கனமழைன்னு பேரு. நாள் பூரா பரவி 40 மில்லிமீட்டர் பெஞ்சா நிலத்துக்கு நல்ல மழை. அதே 40 மில்லிமீட்டர் முக்கால் மணி நேரத்துல கொட்டினா? ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர்னா ஒரு லிட்டர். முப்பதுக்கு அறுபது அடி சாமியானா மேல மட்டும் ஆறாயிரம் லிட்டருக்கு மேல தண்ணி. அதைத் துணி தாங்குமா, ரெண்டு மூங்கில் தாங்குமா? கோடை மழை என்னைக்குய்யா நாள் பூரா பரவிப் பெஞ்சிருக்கு? வெப்பச்சலனத்துல வர்ற மழை அரை மணி, ஒரு மணி நேரம் ஆடித் தீர்த்துட்டுப் போற மழை. அதுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் ஒரே வார்த்தையை வச்சுச் சொன்னா, கேக்குறவன் எதை வச்சு முடிவெடுப்பான்?

அப்புறம் அந்த "நாள்" கணக்கு. ஞாயிறு மழைன்னா காலையில எட்டரை மணியிலேருந்து மறுநாள் காலை எட்டரை வரைக்கும். திங்கக்கிழமை விடியக்காலை நாலு மணிக்குப் பெஞ்சாலும் அது ஞாயிறு மழைதான். சமையலுக்கு அடுப்பு மூட்டுறவனுக்கு வேண்டியது பகல் பத்து மணியா, ரெண்டு மணியா, ராத்திரியாங்கிறது. ரெண்டு மணிக்கு மேல காத்தோட வரலாம்னு ஒரு வார்த்தை முந்தின நாள் காதுல விழுந்திருந்தா பந்தியைப் பதினொன்னுக்கே ஆரம்பிச்சு ஒன்றரைக்குள்ள முடிச்சிருப்பேன். தகரமே வேண்டாம். அந்த 22,000-மும் வேண்டாம்.

மாவட்டம் பேரை மட்டும் சொல்றது அடுத்த கொடுமை. எங்க மாவட்டத்துல வடக்கே சிங்கம்புணரி, தெற்கே இளையான்குடி. நேர்கோட்டுல அளந்தாலே அறுபது கிலோமீட்டர். திருநெல்வேலி மாவட்டத்தில் கனமழைன்னு போடுறாங்க. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து எஸ்டேட் மேல கொட்டும். கீழ ராதாபுரத்துல மண்ணு நனையாது. கோவை மாவட்டம்னா வால்பாறை, சின்னக்கல்லாறு ஒரு உலகம், சூலூர் வேற உலகம். ரெண்டுக்கும் சேர்த்து எச்சரிக்கை ஒரே மஞ்சள் கலர். மஞ்சள்னா கவனமா இரு, ஆரஞ்சுன்னா தயாரா இரு, சிவப்புன்னா உடனே நடவடிக்கை எடுன்னு அந்தக் கலருக்கும் அர்த்தம் வச்சிருக்காங்க. நம்ம ஜனத்துக்கு அது ஸ்கூல் லீவு உண்டா இல்லையான்னு பாக்குற கலரா மட்டும் போய்ச் சேர்ந்திருக்கு. ஜனத்தைக் குத்தம் சொல்ல மாட்டேன். சொல்றவங்க அப்படித்தான் சொல்லிப் பழக்கியிருக்காங்க.

இதோட யூடியூப் கூட்டம் வேற. "வெளுத்து வாங்கப் போகும் கனமழை", "அடுத்த 48 மணி நேரம் ஆபத்து", பின்னாடி எப்பவோ எங்கயோ எடுத்த சூறாவளிப் படம். கோடை லீவு சனி, ஞாயிறு வந்தாப் போதும், இவங்களுக்கு அறுவடை. எங்க பெரியப்பா பேரனுக்கு அதுக்கு முந்தின வருஷம் முடி இறக்கினாங்க. இந்த மாதிரி ஒரு வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல யாரோ போட்டு, வீட்டுப் பொம்பளைங்க பயந்து, கோயில் வாசல்ல வச்சிருந்த சாப்பாட்டைப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி மண்டபத்துக்கு மாத்தினாங்க. மண்டப வாடகை, வேன் வாடகைன்னு 40,000-த்துக்கு மேல. அன்னைக்கு ஒரு சொட்டு இல்ல. வெயில் மண்டையைப் பிளந்துச்சு. பெரியப்பா அந்தக் கடனை ஒரு வருஷம் கட்டினார். அந்த வீடியோ போட்டவன் அடுத்த வாரம் அடுத்த வீடியோ போட்டுட்டான். ஒரு வருத்தம் உண்டா, போன வாரம் சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை உண்டா?

வானிலை சொல்றது லேசான வேலைன்னு நான் சொல்லல. சில கிலோமீட்டர் அகலத்துல திடீர்னு திரண்டு ஒரு மணி நேரத்துல கரைஞ்சு போற இடிமேகத்தை, மூணு நாள் முன்னாடி ஊர் பேர் சொல்லிச் சொல்ல எந்த நாட்டாலயும் முடியாது. அதை மனசார ஏத்துக்கிறேன். போன்ல இருக்கிற ஆப்புல பல, உலகம் பூராவையும் ஒன்பது, பதிமூணு கிலோமீட்டர் கட்டமா வெட்டிக் கணக்குப் போடுற கம்ப்யூட்டர் மாடலை வச்சு ஓடுது. ஒரு நாளைக்கு நாலு தடவை புதுசா கணக்கு ஓடும். அதான் 65, 20, 55-னு குதிக்குது. அதை அந்த ஆப்லயே ஒரு வரி எழுதி வச்சா என்ன? "இது கோடை இடிமழை, இந்த எண் மாறிக்கிட்டே இருக்கும், இதை வச்சு முடிவெடுக்காதீங்க"ன்னு சொன்னா நான் அந்த இருபதை வேதவாக்கா எடுத்திருப்பேனா?

நம்ம நாட்டுலயே 2025 மே 26-ல 6 கிலோமீட்டர் கட்டத்துல கணக்குப் போடுற பாரத் முன்னறிவிப்பு அமைப்பை ஆரம்பிச்சிருக்காங்க. முன்னாடி இருந்தது 12 கிலோமீட்டர். சந்தோஷம். சென்னையில, காரைக்கால்ல ரேடார் சுத்துது. மேகம் எங்க கிளம்புது, எந்தப் பக்கம் நகருதுன்னு அதுல தெரியுது. மின்னலுக்குன்னே 'தாமினி'ன்னு ஒரு ஆப் இருக்கு. 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் சுத்துல மின்னல் வந்தா எச்சரிக்கும். அந்தப் புளியமரத்தடியில நின்ன அம்பது பேர்ல ஒருத்தர் போன்லயாவது அது இருந்துச்சா? எனக்கே அந்தப் பேரு அன்னைக்கு ராத்திரிதான் தெரியும். கோடிக்கணக்குல செலவு பண்ணிக் கண்டுபிடிக்கிறதைக் கண்மாய்க்கரையில நிக்கிறவன் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு மைக்செட்டுக்குக்கூட வழி பண்ணலையே!

காசு போச்சு, குழம்பு போச்சுங்கிறதுக்காக மட்டும் இவ்வளவு கொதிக்கல நான். 2024 மே 17, வெள்ளிக்கிழமை. கோடை லீவு. பழைய குற்றாலத்துல குடும்பம் குடும்பமா குளிச்சுக்கிட்டு இருந்தாங்க. மேல மலையில பெஞ்ச மழை, திடீர்னு காட்டாறா இறங்குச்சு. படிக்கட்டுல ஜனம் அலறி ஓடின வீடியோவை எல்லாரும் பார்த்தோம். 17 வயசுப் பையன் ஒருத்தன் போயிட்டான். லீவுக்குக் குளிக்க வந்த புள்ள. அருவியில நிக்கிறவனுக்குத் தலைக்கு மேல மலையில என்ன நடக்குதுங்கிறது அந்த நிமிஷம் தெரியணும். மாவட்டத்துக்கு மஞ்சளா ஆரஞ்சாங்கிறதை வச்சு அவன் என்ன பண்ணுவான்?

ஒன்றியம் வாரியாச் சொல்லுங்க. காலையா, மதியமா, ராத்திரியான்னு சொல்லுங்க. நாலுல ஒண்ணா, நாலுல மூணான்னு எண்ணைச் சொல்லுங்க. காத்து அடிக்குமான்னு சொல்லுங்க, பந்தலைச் சாய்க்கிறது முதல்ல காத்துதான். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, நாங்க தகரத்தைப் போட்டுக்கிறோம். "பெய்யக்கூடும்"னு ஒரு வார்த்தைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு, பெஞ்சாலும் நாங்க சொன்னோம், பெய்யலைன்னாலும் நாங்க சொன்னோம்னு நிக்காதீங்க.

தங்கச்சியோட சின்னவனுக்கு வர்ற மே மாசம் காது குத்தணும். தேதி குறிச்சாச்சு, ஞாயித்துக்கிழமை, அதே அய்யனார் கோயில். நேத்து பந்தல்காரர் கூப்பிட்டார். "தம்பி, இந்த வாட்டி துணியா தகரமா?"

தகரம்னு சொல்லிட்டேன். இந்தத் தடவை வாடகை இன்னும் 3,000 கூடியிருக்கு.