மாப்பிள்ளை மாடியில் இருக்கிறார்

(மாப்பிள்ளை மொட்டை மாடியில், டிஷ் அருகே, கையில் ஸ்பானருடன். மாமனார் கீழே கூடத்தில், டி.வி. எதிரில். இருவருக்கும் நடுவில் ஒரு ஜன்னலும் 11 வருட மரியாதையும்.)

மாப்பிள்ளை: மாமா, இப்போது எப்படி இருக்கிறது?

மாமனார்: நன்றாகத்தான் இருக்கிறது மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: படம் வருகிறதா?

மாமனார்: படம் வரவில்லை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை: திரையில் இரண்டு கோடுகள் தெரியும், பாருங்கள்.

மாமனார்: மேல் கோடு 80. முதல் வகுப்பு!

மாப்பிள்ளை: அது சிக்னல் அளவு. வெறும் இரைச்சலையும் சேர்த்துக் காட்டும், அதை நம்ப முடியாது. கீழே சிக்னல் தரம் என்று ஒன்று இருக்குமே?

மாமனார்: இருக்கிறது.

மாப்பிள்ளை: எவ்வளவு?

மாமனார்: அதை என் வாயால் எப்படிச் சொல்வேன்?

மாப்பிள்ளை: பரவாயில்லை, சொல்லுங்கள்.

மாமனார்: 0. உங்களைச் சொல்லவில்லை மாப்பிள்ளை, டி.வி.யைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை: கனெக்டரைக் கழற்றிப் பார்க்கிறேன். செட்டாப் பாக்ஸை அணையுங்கள். கேபிள் வழியாக, டிஷ் முன்னால் சிக்னலை வாங்கும் எல்.என்.பி. கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் ஏறி வருகிறது. கம்பிகள் உரசினால் பாக்ஸுக்கு ஆகாது.

மாமனார்: அணைத்துவிட்டேன். ஐயோ மாப்பிள்ளை, அந்த 80 கூடப் போய்விட்டது!

(மாப்பிள்ளை பதில் சொல்லாமல் கனெக்டரைத் திருகுகிறார். என்றைக்கோ பெய்த மழை உள்ளேயிருந்து ஒரு சொட்டாக விழுகிறது. நடுக்கம்பியில் பச்சைப்பசேலெனக் களிம்பு. நனைந்த பகுதியை வெட்டி எறிந்து, புதுக் கனெக்டர் போட்டு, பாக்ஸை மறுபடி ஓடவிட்டும் தரம் அதே 0.)

மாப்பிள்ளை: டிஷ்ஷும் திரும்பியிருக்கிறது மாமா.

மாமனார்: ஒரு விரற்கடை திரும்பினால் என்ன? ஆகாயம் அவ்வளவு பெரிதாக இருக்கிறதே.

மாப்பிள்ளை: செயற்கைக்கோள் இருப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். இங்கே 1 டிகிரி பிசகினால் அங்கே 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போகும்.

மாமனார்: அவ்வளவு தூரம் வந்த சிக்னல் வாசலோடு திரும்பிப் போகிறதா? பாவம்.

(மாப்பிள்ளை டிஷ்ஷை மயிரிழை அளவு திருப்புகிறார். சில நொடி பொறுக்கிறார். கைப்பிடிச் சுவர் ஓரம் வந்து எட்டிப் பார்க்கிறார்.)

மாப்பிள்ளை: இப்போது?

மாமனார்: 0.

(திருப்புகிறார். பொறுக்கிறார். எட்டிப் பார்க்கிறார்.)

மாப்பிள்ளை: இப்போது?

மாமனார்: 0.

(இப்படியே நான்கு முறை. வெயில் ஏறுகிறது.)

மாமனார்: ஒன்று சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்களே?

மாப்பிள்ளை: சொல்லுங்கள் மாமா.

மாமனார்: நீங்கள் கேட்காமல் இருந்தால் 65 காட்டுகிறது. படமும் வருகிறது. ஒரு பெண்மணி அழுதுகொண்டிருந்தார். நீங்கள் குரல் கொடுத்ததும் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

மாப்பிள்ளை: இதை ஏன் அப்போதே சொல்லவில்லை?

மாமனார்: நீங்கள் கேட்கும்போது 0 ஆகத்தானே இருந்தது? பொய் சொல்ல முடியுமா?

(மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கிறார். எட்டிப் பார்க்க அவர் வந்து நிற்கும் இடம் டிஷ்ஷின் முகத்துக்கு நேர் எதிரே, ஒரு சாண் தள்ளி. மெல்ல விலகுகிறார்.)

மாமனார்: 65! பெண்மணி மறுபடி அழுகிறார், மாப்பிள்ளை!

மாப்பிள்ளை: நட்டை முறுக்கிவிடுகிறேன். ஆனால் இது தானாக எப்படித் திரும்பியது? (டிஷ்ஷுக்குப் பின்னால் கையை விடுகிறார்.) மாமா, இங்கே ஒரு கயிறு கட்டியிருக்கிறது. மறுமுனை தண்ணீர்க் குழாயில். நடுவில் துணி காயப்போடும் கிளிப் இரண்டு.

(கீழே நெடுநேரம் அந்தப் பெண்மணியின் அழுகை மட்டும் கேட்கிறது.)

மாமனார்: போன வாரம் காற்று பலமாக அடித்தது மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: ஆமாம் மாமா, காற்றுதான். முடிச்சைக்கூட இரட்டையாகப் போட்டிருக்கிறது.