அந்தப் பை வெறும் பை அன்று

ஞாயிற்றுக்கிழமை வாசிப்புக்கு வந்திருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது தெரியும். வராதவர்களும் இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோபத்தில் எழுதிவிடக் கூடாது என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். கோபம் தணியவில்லை.

ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' நாடகத்தை இரண்டாம் அங்கம் வரை வாசித்தார்கள். நேரம் போதவில்லை என்று மூன்றாம் அங்கத்தை இரண்டு நிமிடக் கதையாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். பிறகு பேச வந்த பெரியவர், பணக்காரர்கள் தின்பண்டம் தின்றுகொண்டே அரட்டை அடிக்கும் வெறும் சிரிப்பு நாடகம் இது என்றும், இதில் குறியீடு தேடுவது ஆசிரியர்களின் பிழைப்பு என்றும், பை என்றால் பைதான் என்றும் சொன்னார். அரங்கம் கைதட்டியது. நான் எழுந்து அந்தப் பையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல முயன்றபோது, "அம்மா, சிரிக்க வந்த இடத்தில் வகுப்பு எடுக்காதீர்கள்" என்றார். அதற்கு இன்னும் பலமான கைதட்டல். நான் உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

முதல் அங்கத்தில், தன் மகள் க்வெண்டோலினை மணக்க விரும்பும் ஜாக் வொர்திங்கை லேடி பிராக்னெல் கையில் குறிப்பேடும் பென்சிலுமாக விசாரிக்கிறாள். வயது என்ன, வருமானம் என்ன, வீடு எங்கே, எந்தக் கட்சி என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பவுண்டு வரை வருமானம், நாட்டுப்புறத்தில் ஒரு மாளிகை, லண்டனில் பெல்கிரேவ் சதுக்கத்தில் ஒரு வீடு. வீடு நாகரிகமான பக்கத்தில் இல்லை என்பதைத் தவிர அதுவரை அவன் தேறிவிடுகிறான். கடைசியாகத்தான் பெற்றோரைப் பற்றிய கேள்வி வருகிறது. இருவரையுமே இழந்துவிட்டேன் என்று அவன் சொல்ல, ஒருவரை இழந்தால் துரதிர்ஷ்டம், இருவரையும் இழப்பது கவனக்குறைவு என்கிறாள் அவள். விக்டோரியா ரயில் நிலையத்தின் க்ளோக் ரூமில், தாமஸ் கார்டியூ என்ற பெரியவருக்கு அவருடைய பை என்று தவறுதலாகக் கொடுக்கப்பட்ட கறுப்புத் தோல் பைக்குள் கிடந்த குழந்தை அவன். அப்போது அவர் சட்டைப்பையில் வொர்திங் என்ற கடற்கரை ஊருக்கு முதல் வகுப்பு டிக்கெட் இருந்ததால், குழந்தைக்கு அந்த ஊர்ப் பெயரே குடும்பப் பெயராயிற்று. ஒரு மனிதனின் குலப்பெயர் ரயில் டிக்கெட்டிலிருந்து வந்திருக்கிறது! என் மகளை ஒரு க்ளோக் ரூமுக்குள் கட்டிக்கொடுத்து, ஒரு பார்சலோடு சம்பந்தம் செய்துகொள்வேன் என்று நினைத்தாயா என்று கேட்டுவிட்டு லேடி பிராக்னெல் எழுந்து போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சிரித்தது இந்த இடம் வரைதான். வெட்டப்பட்ட மூன்றாம் அங்கத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள். 28 ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வெளியே போன தாதி மிஸ் பிரிசம் திரும்பி வரவே இல்லை. தான் எழுதிய மூன்று பாக நாவலின் கையெழுத்துப் பிரதியை மறதியில் தள்ளுவண்டியிலும், குழந்தையைப் பையிலும் வைத்துவிட்டாள். வண்டி பேஸ்வாட்டரில் கிடைத்தது, அதற்குள் நாவல் இருந்தது, குழந்தை இல்லை. அவள் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாள்? அப்பர் குரோவ்னர் தெரு, 104-ஆம் எண் வீடு. லார்டு பிராக்னெலின் வீடு. குழந்தை, லேடி பிராக்னெலின் சொந்தச் சகோதரி மகன். பெற்றோரைத் தொலைத்த கவனக்குறைவு என்று அவள் யாரைப் பழித்தாளோ அவன் அவள் வீட்டிலிருந்தே தொலைந்துபோனவன். கவனக்குறைவு அவளுடைய வீட்டில் நடந்தது. பார்சல் அவளுடைய வீட்டிலிருந்து போனது. இதை இரண்டு நிமிடத்தில் சுருக்கிவிட்டு, பை என்றால் பைதான் என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

அந்தப் பையே அவளுக்கு எதிரான சாட்சி. இதைத்தான் நான் அன்று சொல்ல வந்தேன்.

பை மட்டுமா? இந்த நாடகத்தில் மனிதர்கள் ஓயாமல் பொய் சொல்கிறார்கள், அவர்களுடைய பொருள்கள் அவர்களைக் காட்டிக்கொடுக்கின்றன. லண்டனில் எர்னஸ்ட் என்று உலவும் ஜாக்கை அவனுடைய சிகரெட் பெட்டி காட்டிக்கொடுக்கிறது. உள்ளே 'அன்பு ஜாக் மாமாவுக்கு, சின்னச் செசிலி' என்று பொறித்திருக்கிறது. செசிலி அவன் பொறுப்பில் வளரும் பெண். அவள் என் சித்தி என்று சமாளிக்கிறான், சித்தி எதற்கு உன்னை மாமா என்று அழைக்கிறாள் என்று அவன் நண்பன் ஆல்ஜெர்னன் மடக்குகிறான். ஆல்ஜெர்னனை வெள்ளரிக்காய் சான்ட்விச் வைத்திருந்த தட்டு காட்டிக்கொடுக்கிறது. அவனுடைய அத்தை லேடி பிராக்னெலுக்காகச் செய்து வைத்ததை அவனே தின்று தீர்த்துவிடுகிறான். அத்தை வந்து கேட்டதும், சந்தையில் வெள்ளரிக்காய் கிடைக்கவில்லை, இரண்டு முறை போய்ப் பார்த்தேன், ரொக்கம் கொடுத்தாலும் இல்லை என்று வேலைக்காரன் லேன் முகம் மாறாமல் சொல்கிறான். இதே ஆல்ஜெர்னன்தான் சற்று முன்பு, கீழ்த்தட்டு மக்கள் நமக்கு நல்ல முன்மாதிரியாக இல்லாவிட்டால் அவர்களால் என்ன பயன் என்று அலுத்துக்கொண்டவன். எஜமானின் வாய் ருசிக்காகப் பொய் சொல்வது வேலைக்காரன், ஒழுக்கத்திற்கு முன்மாதிரி காட்ட வேண்டியவனும் அதே வேலைக்காரன். அந்த வெற்றுத் தட்டை மேடையில் வைத்துப் பாருங்கள். அதைக் குறியீடு என்று அழைக்க வேண்டாம் என்றால் அழைக்கவில்லை. அது அங்கே இருக்கிறது என்பதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

மறுப்புகள் வரும் என்று தெரியும், சில உள்பெட்டிக்கே வந்துவிட்டன.

செசிலியின் நாட்குறிப்பு பொய்தானே சொல்கிறது, ஜாக் தனக்கு இருப்பதாகக் கதை கட்டிய, அவள் கண்ணால் பார்த்திராத தம்பி எர்னஸ்டோடு நிச்சயதார்த்தம் நடந்ததாக அதில் அவளே எழுதிக்கொள்கிறாளே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் நாட்குறிப்பில் இருப்பது மனிதர் எழுதிய சொற்கள், சொற்கள் இந்த நாடகத்தில் எப்போதும் பொய்யின் பக்கமே நிற்கின்றன. இல்லாத தம்பி பாரிசில் இறந்துவிட்டான் என்று ஜாக் தலைமுதல் கால்வரை துக்க உடையில் வந்து நிற்கிறானே, அந்த உடை பொய்யில்லையா என்றும் கேட்டார். அவன் உடுத்தியது பொய்க்காகத்தான். ஆனால் செத்ததாகச் சொல்லப்பட்ட 'எர்னஸ்ட்' நான்தான் என்று ஆல்ஜெர்னன் அதே வீட்டுக்குள் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கறுப்பு உடையே ஜாக்கை மாட்டிவிடுகிறது. இந்த இடத்தில் என் வாதம் கொஞ்சம் இழுபடுகிறது என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன்.

வைல்டே அழகியல்வாதி, மேற்பரப்புக்குக் கீழே போகிறவர்கள் தம் சொந்தப் பொறுப்பில் போகட்டும் என்று தம் நாவலின் முன்னுரையில் எழுதியவர் என்று பெரியவரும் அவருடைய நண்பர்களும் சொல்கிறார்கள். எழுதினார். அதற்கு முந்தைய வரியில், எல்லாக் கலையும் ஒரே நேரத்தில் மேற்பரப்பும் குறியீடும்தான் என்றும் எழுதியிருக்கிறார். அந்த வரியை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

விக்டோரியா காலத்து இங்கிலாந்துச் சீமாட்டிகளைப் பற்றி நமக்கென்ன என்று கேட்டவர்களுக்கு நீண்ட பதில் சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டாம் அங்கத்தில், இப்போது செசிலிக்கு வீட்டு ஆசிரியையாக இருக்கும் மிஸ் பிரிசம் அவளைப் பொருளாதாரம் படிக்கச் சொல்லிவிட்டு, ரூபாயின் வீழ்ச்சி என்ற அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடு, அது மிகவும் பரபரப்பானது என்கிறாள். வெள்ளியின் விலை சரிந்து அதோடு நம் ரூபாயும் சரிந்துகொண்டிருந்த காலம் அது. 1893-இல்தான் இந்திய நாணயச் சாலைகளில் யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொடுத்து நாணயம் அடித்துக்கொள்ளும் முறையை அரசு நிறுத்தியது. இங்கே இத்தனை பேரின் பிழைப்பைத் தொட்ட விஷயம், அங்கே தோட்டத்து நிழலில் ஒரு பெண் பிள்ளை படிக்கக் கூடாத கிளுகிளுப்பு. ஜாக்கின் தந்தை ஜெனரல் மான்கிரீஃப் கடைசிக் காலத்தில் கொஞ்சம் ஒருமாதிரி ஆனதற்கும் இந்தியத் தட்பவெப்பத்தைத்தான் லேடி பிராக்னெல் முதல் காரணமாகச் சொல்கிறாள். நமக்கு இதில் இடமில்லை என்பவர்கள் நாடகத்தை ஒருமுறை முழுதாகப் படிக்கலாம்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் இந்த நாடகத்தை நான் வகுப்பில் நடத்தியபோது ஜாக்கின் வசனங்களை ஒரு மாணவி வாசித்தாள். பாட்டியிடம் வளர்ந்த பெண். சேர்க்கைப் படிவத்தில் தந்தை பெயர் என்ற கட்டம் காலியாக இருந்ததற்காக அலுவலகத்தில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்கப்பட்டவள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்தப் பாத்திரத்தை அவளிடம் கொடுத்தேன், நன்றாக வாசிப்பாள் என்ற ஒரே நினைப்பில். இருவரையும் இழப்பது கவனக்குறைவு என்ற வரி வந்ததும் வகுப்பு சிரித்தது. முதலில் சிரித்தது நான். அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். மறுபடி தொடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நினைவில்லை, ஆனால் அந்த அமைதி நினைவிருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து மூன்றாம் அங்கத்தை முடித்த அன்று அவள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். "மேடம், அவன் அந்தப் பையைத் தூக்கிப் போடவே இல்லையே" என்றாள்.

அதுவரை எத்தனையோ முறை பாடம் நடத்திய எனக்கு அது கண்ணில் பட்டதில்லை. தன் அவமானத்துக்கெல்லாம் காரணம் என்று ஊரே சொல்லும் ஒரு பழைய தோல் பையை, வருமானத்திற்குக் குறைவில்லாத அந்த மனிதன் 28 ஆண்டுகளாக வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறான். தேவைப்பட்டதும் மாடிக்கு ஓடிப் போய் எடுத்து வருகிறான். அதோடு நிற்காமல், மிஸ் பிரிசம்தான் தன் தாய் என்று தவறாக நினைத்து அவளைத் தழுவப் போகிறான். எனக்குத் திருமணம் ஆகவில்லை என்று அவள் பதறும்போது, ஆணுக்கு ஒரு சட்டம் பெண்ணுக்கு ஒரு சட்டம் எதற்கு, அம்மா, உன்னை மன்னிக்கிறேன் என்கிறான். சிரிப்பு வெடிக்கும் இடம்தான். ஆனால் அந்த மேடையில், பெற்றவள் யாராக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக ஒருவன் நிற்கிறான். அவனைப் பார்சல் என்று சொன்னவளும் அங்கேயே நிற்கிறாள். அந்தப் பெண் அதைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்த அரங்கத்தில் அவளைப் போல் ஒருத்தி உட்கார்ந்திருந்தால், முதல் அங்கத்துச் சிரிப்போடு அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள்.

நான் சிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் சிரித்தவள்தான். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது மூன்றாம் அங்கத்தில்தான் தெரிகிறது என்கிறேன். செசிலியின் பெயரில் 1,30,000 பவுண்டு இருக்கிறது என்று கேட்ட அடுத்த நொடியில், புறப்பட எழுந்த லேடி பிராக்னெல் மறுபடி உட்கார்ந்து, இப்போதுதான் கவனிக்கிறேன், மிக அழகான பெண் என்கிறாள். அவளே கையில் காசில்லாமல் வந்து லார்டு பிராக்னெலை மணந்தவள், அதை அவள் வாயாலேயே சொல்கிறாள். இதெல்லாம் மூன்றாம் அங்கம்.

அந்தச் சிரிப்புக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. 1895 பிப்ரவரி 14 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் இந்த நாடகம் முதன்முதலாக மேடையேறியபோது கனவான்களும் சீமாட்டிகளும் குலுங்கிச் சிரித்தார்கள். ஜாக்காக நடித்தவர் அரங்கை நடத்திய ஜார்ஜ் அலெக்சாண்டரே. அன்று காய்கறிகளோடு கலகம் செய்ய வந்த, வைல்டின் இளம் நண்பர் ஆல்ஃபிரட் டக்ளஸின் தந்தையான குயின்ஸ்பெரி பிரபுவை உள்ளே விடாமல் காவல் போட வேண்டியிருந்தது. சில நாள் கழித்து, வைல்டை ஓரினச்சேர்க்கையாளர் என்று பழித்து வைல்டின் கிளப்பில் அவர் விட்டுச் சென்ற அட்டைக்காக வைல்ட் போட்ட அவதூறு வழக்கு வைல்டின் மீதே திரும்பி, ஏப்ரல் 5 அன்று வைல்ட் கைதானார். மே 25 அன்று இரண்டு ஆண்டு கடுங்காவல் தண்டனை. இடையில் அரங்கத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? விளம்பரத் தட்டிகளிலிருந்து வைல்டின் பெயரை எடுத்துவிட்டு நாடகத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள், மே 8 வரை. எர்னஸ்ட் என்ற பெயருள்ளவனைத்தான் மணப்போம், பெயர் ஒன்றே எல்லாம் என்று பெண்கள் பிடிவாதம் பிடிக்கும் நாடகம், எழுதியவனின் பெயர் இல்லாமல் ஓடியது. வசனம் வேண்டும், வசூல் வேண்டும், ஆள் வேண்டாம். 1899-இல் புத்தகமாக வந்தபோதும் அட்டையில் பெயர் இல்லை, இன்ன நாடகத்தின் ஆசிரியர் என்று மட்டும் போட்டார்கள்.

மேடையேறும் முன்பு அலெக்சாண்டர் கேட்டுக்கொண்டதால் வைல்ட் நான்கு அங்கங்களை மூன்றாகக் குறைத்தார். அப்போது வெட்டப்பட்ட காட்சி ஒன்றில், எர்னஸ்ட் என்ற பெயரில் ஏறிய ஓட்டல் கடனுக்காக ஆல்ஜெர்னனை ஹாலோவே சிறைக்கு இழுத்துப் போக ஆள் வருகிறது. கைதான வைல்டை ஜாமீன் கிடைக்கும்வரை அடைத்து வைத்ததும் அதே ஹாலோவே சிறையில்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு இதை வெறும் பலகார நாடகம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. உங்களுக்கு வருகிறது, அதற்குக் கைதட்டவும் ஆள் இருக்கிறது. என்னை உட்காரச் சொன்னதைக்கூட மறந்துவிடுவேன், அந்த அங்கத்தை வெட்டியதை என்னால் மறக்க முடியவில்லை.

அமைப்பாளர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த மாத வாசிப்பில் மூன்றாம் அங்கத்துக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். நான் பேச மாட்டேன், கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். ஜாக் மாடியில் பெட்டிகளைத் தூக்கி எறிந்து அந்தப் பையைத் தேடும் சத்தம் கீழே நிற்கிறவர்களின் தலைக்கு மேல் கேட்கும் என்று வைல்ட் மேடைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதை மட்டும் விட்டுவிடாமல் வாசியுங்கள்.